கம்பெனி பஸ்ஸில் ஒரு டூயட்

அன்பு மாப்பிள்ளை கோபாலுக்கு,

நீ உயிரோடு இருந்திருந்தால் இந்தக் குழப்பமே நேர்ந்திருக்காது. நீ இல்லாததால்தான் உன்னிடமே கேட்க வேண்டியிருக்கிறது.

உன் மகள் கவிதா நாடகம் போடுகிறாள். நம் காலத்துச் சினிமாப் பாடல்களை மட்டுமே கோத்து, அவற்றுக்கு நடுவே ஒரு கதை. கதை நம் கம்பெனி பஸ்தான்: திருவள்ளூரில் புறப்பட்டு, பெரியபாளையத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு, முதல் ஷிப்டுக்குக் கும்மிடிப்பூண்டி போகும் அதே பஸ். கதாநாயகன் நீ. உன்னோடு பயணம் செய்தவன் என்பதால், தவறு இருந்தால் திருத்தும் பொறுப்பை எனக்குக் கொடுத்தாள். தர ஆய்வுப் பிரிவில் இருப்பவனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை ஏது?

ஒத்திகையில் முதல் தவறு உடனே தெரிந்தது. நீ தினமும் பாடிய அந்த டூயட். உன் வேடம் போட்டவரும், பெரியபாளையத்தில் ஏறும் அமுதாவாக நடித்த பெண்ணும் கைகோத்து, முகம் பார்த்துப் பாடினார்கள். பஸ் டிரைவர் சொன்னதை வைத்துக் கவிதா எழுதினாளாம். நான் எழுந்து நிறுத்தினேன்.

"அப்படி இல்லம்மா. பஸ்ஸுல லேடீஸ் முன்னாடி, ஆம்பளைங்க பின்னாடி. உங்கப்பா கடைசி சீட்டு. அமுதா டிரைவருக்குப் பின் சீட்டு. இவர் ஒரு வரி பாடுவாரு, அவங்க ரோட்டப் பாத்துக்கினே அடுத்த வரி பாடுவாங்க. ஒரு நாளும் திரும்பிப் பாத்ததில்ல."

உன் பெயருக்குக் களங்கம் வரக்கூடாது என்பது மட்டுமே என் நோக்கம்.

கவிதா அப்படியே மாற்றினாள். மறுபடியும் பாடினார்கள். மாப்பிள்ளை, என்ன சொல்வேன்! கைகோத்து நின்றபோது அது வெறும் சினிமா. இருவரும் ஒரே திசையைப் பார்த்திருக்க, நடுவே அத்தனை பேர் உட்கார்ந்திருக்க, குரல் மட்டும் போய்த் திரும்பியபோது அது நிஜக் காதலாகவே தெரிந்தது. நான் சொன்ன திருத்தம் விவரப்படி சரி. விளைவு நேர்மாறு. இது எப்படி நிகழ்ந்தது?

உன் மனைவி தேவகி பின்னால் உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அவளுக்கு உடன்பிறந்தவன் இல்லாததால், உங்கள் திருமணத்தில் உன் விரலில் மோதிரம் போட்டு மைத்துனன் முறை செய்தவன் நான். அவள் கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்டவன்.

"இன்னாண்ணே, ஊட்ல ஒரு பாட்டு பாடுன்னா தொண்ட கட்டிக்கிச்சும்பாரு. பஸ்ஸுல டெய்லி கச்சேரியா?"

"ஆமாம்மா."

"அந்தம்மாவுக்கும் இவருக்கும்..."

"தெரியாதும்மா" என்றேன். அறியாததை அறிந்ததாகச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. பஸ்ஸை விட்டு இறங்கிய பின் நீங்கள் இருவரும் பேசி நான் பார்த்ததே இல்லை. அது எதற்குச் சான்று? ஒன்றும் இல்லை என்பதற்கா, ஏதோ இருந்தது என்பதற்கா?

"அந்தம்மா நல்லா பாடுமா?" என்றாள் திடீரென்று.

"ரொம்ப நல்லா."

அவள் மேடையை நோக்கிக் குரல் கொடுத்தாள். "ஏய் கவிதா, அந்தப் பாட்ட எடுத்துடாத! எனக்கு சுருதியே சேராது. உங்கப்பா தனியா பாடிக்கினு போயிருந்தார்னாதான் பேஜாரு." சிரித்தாள், சிரித்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நாடகத்துக்கு அந்தம்மாவ நீயே போய் இட்டுனு வா. என் பக்கத்து சீட்டு."

இது பெருந்தன்மையா, கோபமா? அமுதாவை அருகில் வைத்துக்கொண்டு அவள் என்ன அறிய விரும்புகிறாள்? வீட்டில் நீ ஏன் பாடவில்லை, கோபால்? ஒரே ஒரு பாட்டாவது பாடியிருக்கக் கூடாதா?

ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையம் போகிறேன். அமுதாவிடம் நான் எதையும் விசாரிக்க மாட்டேன். தேவகி சொன்னதை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொல்லி, அழைத்து வந்து அவள் அருகில் அமர்த்துவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் பக்கம் நிற்பதா, தங்கை பக்கம் நிற்பதா என்று இன்னும் விளங்காத
உன் மச்சான்,
ரகு