அழித்த பெயர்

அன்புள்ளவளுக்கு,

தொண்டை ஆபரேஷனில் உன் குரல் போன பிறகு, நான் வைத்த செல்லப்பெயரைச் சொல்லி உன்னைக் கூப்பிட எனக்கு நா எழவில்லை. நம் தையல் கடைக்கும், ஸ்கூட்டருக்கும், உன் மெஷினுக்கும்கூட அதே 'குயில்'தான். பார்த்தால் உனக்கு வலிக்குமே என்று எல்லாவற்றின் மேலும் பெயிண்ட் அடித்தேன். நீயோ, "அப்போ நான் செத்துட்டேனா?" என்று சீட்டு எழுதி வைத்துவிட்டு உன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாய்.

இன்று தைத்த துணியை வாங்க வந்த டீச்சர், "குயில் இல்லையா?" என்றார். "இருக்கா டீச்சர், வந்துடுவா" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

கடைப் பெயர்ப்பலகையைச் சுரண்டிப் பார்த்தேன். பெயிண்டோடு பழைய எழுத்தும் உரிந்து வந்துவிட்டது.

வந்துவிடு. தெருமுனையில் உன்னைக் கண்டதுமே கூப்பிடுவேன். பதில் சொல்ல வேண்டாம். நிமிர்ந்து பார்த்தால் போதும், குயிலு.

உன் மடத் தையல்காரன்