அந்த ஆசிரியர் எங்கே இருந்தார்?

9 ஜூன் 2025, தேவிகுளம்
நாவலை முடித்து இரண்டு மாதமாகிறது. சென்னையில் யோகப்பிரியா என்றொரு இலக்கிய முகவர் இருக்கிறாராம். பிடித்திருந்தால் அவரே பதிப்பகம் தேடித் தருவார். முழு நாவலையும் அனுப்பக் கூடாது, ஒரு பக்கக் கடிதம் போதும். தேயிலை ஏலத்துக்கு முன்னால் எஸ்டேட்டிலிருந்து ஒரு சிறு பொட்டலம் சாம்பிள் தூள் போகுமே, அதுபோல.

11 ஜூன்
ஊர்க் கணினி சேவை மையமான அட்சயாவில், தட்டச்சு செய்து தரும் சிஜு என் கடிதத்தை வாசித்துவிட்டுச் சிரித்தான். "இது புக்குக்கா, பென்ஷனுக்கா சாரே?"

பணியில் சேர்ந்த தேதி, ஓய்வு பெற்ற தேதி, 'பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்'. கதையைப் பற்றி ஒரு வரி இல்லை. முப்பத்தொரு வருடம் கல்வி அலுவலகத்துக்கு மட்டுமே எழுதிய கை.

14 ஜூன்
திருத்தி அனுப்பினேன். பள்ளி நேரத்தில் மண் சரிந்து ஒரு லயம், தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை, புதைகிறது. கொழுந்து பறிக்கும் தாய் ஒருத்தி பதினோரு வயது மகளை இழக்கிறாள். கதையைச் சொல்பவர் அந்தப் பிள்ளையின் ஆசிரியர். மகளின் உண்மைப் பெயரை மாற்றவில்லை. "நிமி பேரு நிமியாவே இருக்கட்டும் சாரு" என்று மதலேனம்மாள் முன்பே சொல்லியிருந்தாள். பெற்றவள் சொன்ன பிறகு நான் யார் மாற்ற?

25 ஜூன்
பதில் இல்லை. மழை.

3 ஜூலை
பதில் வந்தது. "சரிவு பள்ளி நேரத்தில் நடக்கிறது. நிமி ஏன் வீட்டில் இருந்தாள்? அந்த ஆசிரியர் எங்கே இருந்தார்? இது தெரிந்தால் முழு நாவலையும் வாசிக்கிறேன்."

நிமிக்குக் காய்ச்சல் என்று எழுதிவிடலாம். ஒரு சொல்தான்.

4 ஜூலை
எழுதவில்லை.

7 ஜூலை
வீட்டுப்பாட நோட்டை மறந்து வரும் பிள்ளையை, போய் எடுத்து வா என்று லயத்துக்கு அனுப்புவது என் வழக்கம். பள்ளிக்குக் கீழேதான் லயம், ஐந்து நிமிட நடை. பிள்ளைகளை அடிக்காத வாத்தியார் என்று எனக்குப் பெருமை வேறு. சரிவு நடந்த அன்றைக்கும் மழை. நிமியைப் போகச் சொன்னது நான்தான்.

பதினெட்டு வருடம் — கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதுகூடச் சொல்லலையே. முந்நூறு பக்கம் எழுதி அந்தக் காலையை மட்டும் விட்டுட்டேனே, அப்ப யாருக்காக எழுதினேன்?

8 ஜூலை
மதலேனம்மாளிடம் சொன்னேன். முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"தெரியும் சாரு. மண்ணத் தோண்டி எடுக்கையில நோட்டு அவ கையிலதான இருந்துச்சு. பள்ளிக்கொடம் போன புள்ள வேற எதுக்குத் திரும்பி வரும்?"

பிறகு ஏன் கேட்கவில்லை என்றேன்.

"நீங்களா வருவீங்கன்னு இருந்தேன்."

அரிசியிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டாள். "மன்னிக்கிறதா வேண்டாமான்னு எனக்கே தெரியல. அத அப்பறம் பாக்கலாம். மொதல்ல எழுதுனத வாசிச்சுக் காட்டுங்க. எனக்குத்தான் எழுத்து தெரியாதே."

12 ஜூலை
முகவருக்கு அனுப்பியது: "நிமியை வீட்டுக்கு அனுப்பியவர் அந்த ஆசிரியர். அவர் நான். எட்டாம் அத்தியாயத்தைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன்."

சிஜு தட்டச்சு செய்து முடித்தான். வாசல்வரை வந்து குடையை விரித்துக் கொடுத்தான்.

2 ஆகஸ்ட்
சென்னையிலிருந்து பதில் வந்திருக்கிறது என்று சிஜு போன் செய்தான். திங்கட்கிழமை வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

மதலேனம்மாளுக்கு ஏழு அத்தியாயம் வாசித்துக் காட்டியாயிற்று. இன்று எட்டாவது. நேற்று நான் கிளம்பும்போது சொன்னாள்: "நாளைக்கு நிமியோட அந்த நோட்ட எடுத்து வைக்கிறேன் சாரு."