ஃபேமிலி ரூம்

அன்பு மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் வலி குறைந்ததா? நம் பிள்ளைகள் இருவரும் நலமா? நான் நலம்.

நேற்று தேனாம்பேட்டையில் ஆபீஸ் பக்கத்து ஓட்டலுக்குத் தனியாகச் சாப்பிடப் போனேன். "லேடீஸ்லாம் மேல ஃபேமிலி ரூம்க்கா" என்று அனுப்பினார்கள். பாதிச் சாப்பாட்டில் சர்வர் வந்து நின்றார்.

"ஃபேமிலி வெய்ட் பண்ணிக்கினு கீறாங்க. கீழ போய் சாப்டுக்கா."

சாப்பிடுகிறவளை எழுப்புவதா? மேலே ஏற்றுவதும் அவர்கள், இறக்கிவிடுவதும் அவர்களா?

"நானும் ஃபேமிலிதான். மீதிப் பேர் கீழக்கரைல இருக்காங்க" என்று கத்திவிட்டேன். அறையே திரும்பிப் பார்த்தது. வெட்கமாகிவிட்டது, ஆனாலும் எழவில்லை. தயிர்வரை சாப்பிட்டுத்தான் இறங்கினேன்.

மாசிக் கருவாடு தீர்ந்துவிட்டது. பார்சலில் அனுப்ப வேண்டாம். பள்ளி லீவில் பிள்ளைகளோடு நீங்களே கொண்டுவாருங்கள். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. அந்த ஃபேமிலி ரூம் மேசையில் இன்னும் மூன்று நாற்காலி இருக்கிறது, மச்சான்.

புஷ்ரா