வெதுவெதுப்பை நம்பாதவனுக்கு

நேற்றுக் காலை மைக்ரோவேவ் அடுப்பில் ஒரு பன்னை வைத்துவிட்டுச் செய்தித்தாளில் மூழ்கிவிட்டேன். எடுத்தபோது மேலே பழைய நிறம்தான். பிட்டால் நடுவில் கரி, புகை. வீட்டில் எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். நான் மட்டும் உன்னை நினைத்து ஆசையாக முகர்ந்தேன். அதற்கும் திட்டு விழுந்தது.

விருதுநகர்க் கல்லூரியில் நீ இயற்பியல் வாத்தியார், நான் கணிதம். நுண்ணலையில் சூடாகும் பொருளுக்குள் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தோம். அந்தக் கட்டுரையை முழுதாகப் படித்தவர்கள் நாம் இருவர்தான். உன்மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. வெயிலில் சூடு வெளியிலிருந்து உள்ளே போகும். நுண்ணலையிலோ ஈரம் இருக்கிற இடமெல்லாம் உள்ளேயே சூடு பிறக்கும். மேற்பரப்பு காற்றில் ஆறிவிடும், நடு மாட்டிக்கொள்ளும். விஷயம் இவ்வளவுதான். மிச்சமெல்லாம் கிரேக்க எழுத்து.

அந்தப் புரட்டாசியில் மழை விடவில்லை. சிவகாசிப் பக்கம் உன் மாமனாரின் பட்டாசுக் கம்பெனியில் வெடிகள் காயாமல் கிடந்தன. அவர் எங்கிருந்தோ பீரோ அளவு நுண்ணலை மெஷின் ஒன்றை வாங்கி ஆபீஸில் இறக்கிவிட்டார். நீயும் நானும் பார்க்கப் போனபோது வெற்றுக் குழாய்களைக் காய வைத்துப் பார்த்தாயிற்று. மறுநாள் அந்த மெஷின், வேலை நடக்கிற ஷெட்டுக்குப் போகும்; மருந்து திணித்த வெடிகள் அதற்குள்ளே போகும். பெண்கள் உட்கார்ந்து திரி சொருகுவதும் அதே ஷெட்டில்தான்.

புறங்கையால் தொட்டுச் சூடு பார்ப்பது காயப்போடுகிறவர்களின் வழக்கம். வெயிலில் அது பொய்த்ததில்லை.

"தொட்டுப் பாருங்க மாப்ளே, வெதுவெதுன்னுதான இருக்கு?" என்றார் மாமனார்.

நீ நம் வரைபடத்தை நீட்டினாய்.

"என்ன இது, கோபுரம் கணக்கா?"

"நடுவுல இருக்கிற சூடு, மாமா."

"சீசன் போகுது, நீங்க படம் காட்டுதீக!"

நீ வாதாடவில்லை. பசை தடவி இறுக்கிச் சுற்றிய, மருந்தில்லாத தடித்த காகித உருளை ஒன்றை மெஷினில் வைத்தாய். எடுத்து அவரையே தொடச் சொன்னாய்.

"பாத்தீகளா, வெதுவெதுப்புதான்!"

"இப்ப அறுங்க மாமா."

அறுத்தார். நடுவில் காகிதம் கங்காகக் கனிந்துகொண்டிருந்தது. ஷெட் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஏலே, அந்த வயரைப் புடுங்குலே."

யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை, நானே பிடுங்கினேன். ஆராய்ச்சியில் நான் மனமாரச் செய்த வேலை அது ஒன்றுதான். தீபாவளிவரை அவர் உன்னோடு பேசவில்லை. அதைப் போனஸ் என்றாய்.

போன மாதம் நீ சர்க்கரை வியாதி முற்றி, ஆஸ்பத்திரிக் கட்டிலில், எல்லோரையும்போலப் போய்ச் சேர்ந்தாய். துக்கத்துக்கு அந்த ஷெட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். மூட்டுவலிக்காரர்கள், பேத்தியின் தோளைப் பிடித்து வந்தவர்கள், செருப்பு மாறிப்போனதென்று வாசலில் சண்டை பிடித்தவர்கள். எல்லோருக்கும் வயதாகியிருந்தது. உனக்காக அழ வேண்டிய நேரத்தில் நான் அந்த நரைத்த தலைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இழவு வீட்டில் நிம்மதியாக மூச்சு விட்டவன் நான் ஒருவன்தான். இன்னும் அந்த மூச்சைத்தான் விட்டுக்கொண்டிருக்கிறேன்.