பிர்ச்வேலில் கிடைத்த இடம்

ஜனவரி 9

இரவெல்லாம் பனி. என் வீட்டுக்காரர் டேரல் வாசல் பனியில் வழி வெட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போனார். மாதக் கணக்கை முடித்துவிட்டு அதே நோட்டில் புதுப் பக்கம் திருப்பி நடுவே ஒரு கோடு இழுத்தேன். இந்தப் பக்கம் கெஸ்லர், அந்தப் பக்கம் பிர்ச்வேல்.

வரும் இலையுதிர் காலத்தில் மகள் பிரென்னாவுக்கு ஆறாம் வகுப்பு. ரயில் பாதைக்குத் தெற்கே குடியிருப்பதால் எங்களுக்கு விதித்தது கெஸ்லர் நடுநிலைப் பள்ளி. வடக்கே இருப்பவர்களுக்கு பிர்ச்வேல். ஒரே கல்வி வட்டாரம், ஒரே பள்ளி வரி. வேறு பள்ளி வேண்டுமென்றால் இந்த மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கவேண்டும். இடத்தைவிட ஆள் அதிகமானால் குலுக்கல்.

பக்கத்து வீட்டு லவோன் காப்பிக்கு வந்தாள். "இணையத்துல பிர்ச்வேலுக்குப் பத்துக்கு ஒம்பது மதிப்பெண், கெஸ்லருக்கு மூணு. இதுல யோசிக்க என்னடி இருக்கு?"

"மூணுன்னா என்ன அர்த்தம்?"

"மூணுன்னா, என் நாத்தனார் வீட்டை வித்துட்டு வடக்கே போனான்னு அர்த்தம்!"

சிரித்தேன். ஆனால் எங்களால் வீட்டை விற்க முடியாது. பிரென்னாவுக்கு எழுத்துகள் ஓரிடத்தில் நிற்பதில்லை. விரல் வைத்துத்தான் வாசிப்பாள். வரி முடிவதற்குள் அதன் ஆரம்பம் மறந்துபோகும். நான்காம் வகுப்பில் சோதித்துப் பார்த்துவிட்டு, குறைபாடு என்று சொல்லும் அளவுக்கு இல்லை, தானாகப் பிடித்துக்கொள்வாள் என்றார்கள். தானாக! மூணு மதிப்பெண் பள்ளியில் எப்படித் தானாகப் பிடிப்பாள்?

ஜனவரி 16

இரண்டு பள்ளிகளையும் பார்த்துவிட்டேன்.

பிர்ச்வேலில் கண்ணாடிக் கூரை. நூலகத்தில் சாய்ந்து படிக்க மெத்தை நாற்காலிகள். வயலின் வாசிக்கிறார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தடித்தடியான புத்தகங்களைச் சும்மா கையில் வைத்துக்கொண்டு நடக்கிறார்கள்.

கெஸ்லரில் தரை மெழுகு நாற்றம், வெப்பக் குழாயின் கடகட சத்தம். ஓர் அறையில் நரைத்த அம்மா ஒருவர் தரையில் முட்டி போட்டிருந்தார். ஏழெட்டுப் பிள்ளைகள், மீசை அரும்பிய ஒருவன்கூட, மேசையை விரலால் தட்டித் தட்டி எழுத்துகளின் ஓசையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாலர் பள்ளியில் சொல்வதுபோல. அந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "உள்ளே வாங்களேன்" என்றார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஆசிரியர்களைக் கேள்வி கேட்க நாக்கு எழுவதில்லை.

கெஸ்லர் பக்கத்தில் எழுதினேன்: பெரிய பிள்ளைகளுக்கு இன்னும் அகரம்.

ஜனவரி 20

டேரல் கேட்கிறார்: "நானும் கெஸ்லர்லதான் படிச்சேன். இப்ப என்ன கெட்டுப் போயிட்டேன்?"

"ஒரு சாமானோட குறிப்புத் தாளையாவது படிச்சிருக்கியா நீ?"

"படிக்காமலேயே ஊர்ல பாதி ஹீட்டரை ஓட வெச்சிருக்கேன்."

ஆனாலும் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்.

பிப்ரவரி 26

இன்று உபவாசம். தண்ணீர் மட்டும். கர்த்தாவே, ஒரே ஒரு இடம்.

மார்ச் 14

கிடைத்துவிட்டது! நூற்றுக்கணக்கானவர்கள் கேட்டதில் என் பிள்ளையின் பெயர். சமையலறையில் அப்படியே முழங்காலில் விழுந்தேன். பிரென்னா பயந்துபோய், "அம்மா, கீழே விழுந்துட்டியா?" என்றாள்.

மார்ச் 16, ஞாயிறு

சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். இதற்குமுன் நான் எழுந்து நின்றதே இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள். போதகர், "கேளுங்கள், கொடுக்கப்படும்" என்றார். லவோன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மே 2

மாற்றத்தை ஏற்று ஒப்பமிட்டாயிற்று. இனி மூன்று வருடமும் பிர்ச்வேல். கெஸ்லர் இடம் ரத்து.

செப்டம்பர் 5

இந்தப் பக்கம் பள்ளிப் பேருந்து வராது. நானே கொண்டுபோய் விடுகிறேன். காரிலிருந்து இறங்கும்போது திரும்பிக் கையசைக்கிறாள்.

செப்டம்பர் 23

கையசைப்பதை நிறுத்திவிட்டாள். வயிற்றுவலி என்கிறாள், தலைவலி என்கிறாள். இன்று வகுப்பில் சத்தமாக வாசிக்கச் சொன்னார்களாம். "அப்புறம்?" என்றேன். "ஒண்ணுமில்லை. மணி அடிச்சிருச்சு." அவ்வளவு நேரம் எழுந்து நின்றுகொண்டிருந்தாளா? கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டுமோ?

அக்டோபர் 9

ஆசிரியரைச் சந்திக்கும் நாள். மிஸ்டர் டிராஸ்க், இளைஞர், நல்ல மனிதர். நல்லவராக இல்லாமல் இருந்திருந்தால் தேவலை.

"உங்க பொண்ணு தங்கமான பொண்ணு. ஆனா வாசிப்புல ரொம்பப் பின்தங்கியிருக்கா. இங்க அதுக்குன்னு தனி ஆசிரியர் கிடையாதுங்க. வர்ற பிள்ளைங்க வாசிக்கத் தெரிஞ்சுதான் வராங்க."

"ஒம்பது மதிப்பெண் பள்ளியில எப்படி இல்லாம இருக்கும்?"

"அரசாங்கம் அதுக்குத் தர்ற பணம் ஏழைப் பிள்ளைங்க அதிகமா இருக்கிற பள்ளிக்குத்தான் போகும். கெஸ்லர்ல வாசிப்புக்குன்னே மூணு ஆசிரியர் இருக்காங்க. அதுல மிசஸ் புலாஸ்கி மாதிரி ஆளு இந்த வட்டாரத்துலயே இல்ல. தரையில உக்காந்து, மேசையைத் தட்டி ஓசையைப் பிரிச்சுச் சொல்லித் தருவாங்க, ரெண்டே வருஷத்துல..." என்றவர் என் முகத்தைப் பார்த்தார். "நீங்க தெற்குப் பக்கம்தானே? அப்புறம் ஏன் இங்க..."



அக்டோபர் 10

கெஸ்லருக்குப் போன் செய்தேன். மிசஸ் புலாஸ்கியே பேசினார்.

"பிரென்னாவா? அவ பேரு என் பட்டியல்ல இருந்துச்சே! ஆரம்பப் பள்ளியிலிருந்தே அனுப்பியிருந்தாங்க. வேற பள்ளிக்குப் போறான்னு சொன்னதும் வேற பிள்ளையைப் போட்டுட்டேன். ஐயோ, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாம்மா?"

உள்ளே வாங்களேன் என்று கூப்பிட்ட அதே குரல்.

அக்டோபர் 14

வட்டார அலுவலகம். முகப்பில் இருந்த பெண் கணினியைப் பார்த்தபடியே சொன்னாள்: "மாத்தினா மூணு வருஷமும் அங்கதாங்க. கெஸ்லர் எல்லைக்குள்ள புதுசா வீடு மாறி வந்தா மட்டும் விலக்கு உண்டு."

"நாங்க கெஸ்லர் எல்லைக்குள்ளதானே இருக்கோம்!"

"அதாங்க பிரச்சனை. நீங்க வீடு மாறலையே."

டேரலிடம் சொன்னதும் சிரித்தார். அப்புறம் காரேஜுக்குள் போய்விட்டார். ரொம்ப நேரம் உள்ளே வரவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

கர்த்தாவே, அப்பம் கேட்கிற பிள்ளைக்கு எந்தத் தகப்பனும் கல்லைக் கொடுக்கமாட்டான் என்றீரே. நான் கல்லையா கேட்டேன்? அப்பத்தைத்தானே கேட்டேன். கேட்டதைத்தானே கொடுத்தீர் — அப்படியென்றால் யாரைக் குறை சொல்வது? வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே நீர். நூற்றுக்கணக்கான பேரில் என் பிள்ளை பேர்தானா கிடைச்சுது உமக்கு?

எழுதியதை அடிக்கவில்லை. இருக்கட்டும்.

அக்டோபர் 27

நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்து வந்து நானே மேசையைத் தட்டிச் சொல்லிக் கொடுக்கிறேன். எங்கே ஓசையைப் பிரிக்கவேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. "அம்மா, நீ தப்பாத் தட்டுற" என்றாள். உண்மைதான்.

நவம்பர் 12

லவோனின் தங்கை மகனுக்கும் அடுத்த வருடம் ஆறாம் வகுப்பு. ஜெபக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்து, "இவ ஜெபம் பண்ணினா பிர்ச்வேல் கிடைக்கும்!" என்றாள். அந்தப் பையன் நன்றாக வாசிப்பான். என்னவென்று சொல்ல? கண்ணை மூடிக்கொண்டேன். வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. பரிசுத்த ஆவியில் நிறைந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நவம்பர் 20

ஒன்றுமில்லை. துவைத்தேன். மடித்தேன்.

டிசம்பர் 4

இன்று பிரென்னா சிரித்துக்கொண்டே காரில் ஏறினாள். செப்டம்பருக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. ராச் சாப்பாட்டில் தானாகவே பேச ஆரம்பித்தாள்.

"மேஸின்னு ஒருத்தி எம் பக்கத்துல உக்காருறா. என் முறை வர்றதுக்கு முன்னாடி எனக்கு வர்ற பத்தியை மெதுவா வாசிச்சுக் காட்டுவா. நான் அப்படியே மனப்பாடமா வெச்சுக்குவேன். அப்புறம் எந்திரிச்சு, பக்கத்தைப் பார்த்துக்கிட்டே சொல்லிருவேன். கண்ணைக்கூட இப்படி இப்படி நகர்த்துவேன், பாரு. பதிலுக்கு நான் அவ நோட்டுல குதிரை வரைஞ்சு தரணும். மிஸ்டர் டிராஸ்க் என்னைப் பார்த்து, ரொம்ப முன்னேறிட்டேன்னு சொன்னார்மா!"

டேரல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிள்ளை என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் சந்தோஷப்படுகிறேனா என்று. "கெட்டிக்காரி" என்றேன். உருளைக்கிழங்கு மசியலில் இன்னொரு கரண்டி எடுத்து அவள் தட்டில் வைத்தேன்.