நான்காவது கால்

அன்பான கணவருக்கு,

அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டது இதுதான்: எந்தக் கஸ்டமரும் அப்படிக் கேட்கவில்லை.

நான் கணினியில் வரைந்து ரெசினில் வார்க்கும் பொம்மை விண்கலங்களை முதலில் பூட்டிப் பார்ப்பது எப்போதும் நீங்கள்தான். கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் மிஷினில் வலது கையின் இரண்டு விரல்கள் போனபிறகு, ஐந்து மாதமாக அந்த மேசைப் பக்கமே நீங்கள் வரவில்லை. அதனால் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கும் கலத்தை மறுபடி வரைந்தேன். அரிசியளவுத் துண்டுகளைச் சேர்த்துப் பெரிதாக்கினேன். பசையில்லாமல், இடது கையால் அழுத்தினாலே பொருந்தும்படி தடித்த முளைகள் வைத்தேன்.

பெட்டியைத் திறந்து பார்த்துச் சிரித்தீர்கள்.

"என்னாது இது? மாடு கட்டற மொளையாட்டம் இருக்குது?"

"கஸ்டமர் கேட்டாருங்க."

"எந்த ஊரு கஸ்டமரு?"

"பெங்களூரு."

உங்களுக்காக என்று சொன்னால் தொடவே மாட்டீர்கள் என்று பயந்தேன்.

மூன்று நாள் கழித்து, நான் கிருஷ்ணகிரி பஸ்ஸுக்குக் கிளம்பிய காலையில், கலம் மூன்று கால்களில் சாய்ந்து நின்றது. நான்காவது கால் பக்கத்தில் கிடந்தது. நீங்கள் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னீர்கள்:

"உன் பெங்களூரு கஸ்டமருக்கு எடது கை இன்னும் பழகலயாம். இந்தக் காலுக்கு மட்டும் மொளை இன்னுங் கொஞ்சம் பெருசா வேணுமாம்."

பஸ்ஸில் தருமபுரிக்காரப் பெண் ஒருத்தி, ஏன் அழுகிறாய் என்று கேட்டாள். தூசி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய முளையோடு புதிய கால் ஒன்றை வார்த்து மேசையில் வைத்தேன். திங்கட்கிழமை மாலை நான் வீடு திரும்பியபோது, கலம் நான்கு கால்களில் நின்றது.

இப்படிக்கு,
முளை வரைந்தவள்