பொன்னுத்தாயின் கால் அளவு

சென்னை, 12-9-1943

அன்புள்ள சந்தனமாரிக்கு,

பிச்சையா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நான் சுகமாயிருக்கிறேன். நீயும் நம் குழந்தை பொன்னுத்தாயும் சுகந்தானே? ஒரு மாதமாக உன் காகிதம் வரவில்லை. தபால் தாமதம்போல.

ஆபீசில் இப்போது தூத்துக்குடிக் கரையோர ஊர்களின் நிலப்படம் வரைகிறோம். காலராவில் சாவு விழுந்த வீடுகளுக்குச் சிவப்பு மையில் புள்ளி வைக்க வேண்டும். எந்தக் கிணற்றைச் சுற்றிப் புள்ளிகள் நெருங்குகின்றனவோ, அந்தக் கிணற்றை மூடச் சொல்வார்கள். நேற்று கூட வேலை பார்க்கும் ஜேசுபாதம் அண்ணாச்சி விலாசங்களை வாசிக்க, நான் புள்ளி வைத்துக்கொண்டு வந்தேன். ஆறுமுகநேரி வந்ததும், "ஏலே, இது ஒன் தெருல்லா?" என்று நிறுத்திவிட்டார்.

"வாசிங்க அண்ணாச்சி" என்றேன்.

நம் தெருக் கிணற்றடியில் மூன்று சாவு வீடு. மூன்றாவது, நம் வீட்டு நம்பர். யாரோ தப்பாக எழுதியிருப்பார்கள். அந்தப் புள்ளியை நான் வைக்கவில்லை. நீ பயப்படாதே; தண்ணீரை மட்டும் காய்ச்சிக் குடியுங்கள்.

பொன்னுத்தாய்க்குச் செருப்பு வாங்கப்போகிறேன். அவள் காலைக் காகிதத்தில் வைத்து, உன் கையாலேயே சுற்றிலும் பென்சிலால் கோடு இழுத்து அனுப்பு. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. போன வருஷத்து அளவு என்னிடம் இருக்கிறது, அது வேண்டாம். இந்தக் காகிதம் கிடைத்த அன்று வரைந்ததுதான் வேண்டும்.

பிச்சையா